மாஸ்க் காணுமா, காற்றுக் குழாய் வேண்டுமா?



கடந்த மாத நேரடி நிகழ்ச்சியில் வேலைத்தலப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, என்ரை பேரன் கார் பெயின்ற் அடிக்கிற கராஜிலை வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கொரோனா நேரம் வாங்கின வெள்ளை மாஸ்க் ஒரு பெட்டி வீட்டிலை கிடக்கு. அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் காணும்தானே?" என்று கேட்டார். செய்திக்கு நேரமாகிவிட்டதால் "காணாது அம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஏன் காணாது என்பதை வானொலியில் பத்து நிமிட உரையாகத் தந்தேன். அந்த உரையை இன்னும் கொஞ்சம் விரித்து இம்மடலில் எழுதுகிறேன்.

கணக்காளருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் வர்த்தகம் படித்தவன், பொறியியலாளன் அல்ல. ஆனால் என்னிடம் கணக்குக் கொண்டுவருபவர்களில் சிறிய கராஜ் நடத்தும் எம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பற்றுச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே இவ்விடயத்தில் எனக்கு அக்கறை வந்தது. பிறகு எச்.எஸ்.ஈ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரித்தானிய அரசின் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்பு நிறுவனத்தின் வழிகாட்டிகளைத் தேடி வாசித்தேன்.

சுவாசக் காப்புக் கருவிகள் எத்தனையோ வடிவத்தில் கடைகளில் கிடைத்தாலும் அவற்றில் இரண்டு சாதிகள்தான் உண்டு. ஒன்று வடிக்கிறது. மற்றது கொண்டுவருகிறது. வடிக்கும் கருவி எமது வீட்டுத் தேத்தண்ணி வடி போன்றது. நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றையே எடுத்து, அதில் உள்ள தூசியையோ நச்சு ஆவியையோ பிடித்து வைத்துக்கொண்டு மிகுதியை மூக்குக்கு விடும். கொரோனாக் கால மாஸ்க், மரம் அரிபவர் போடும் மாஸ்க், இரு பக்கமும் உருண்டையான வடி பூட்டிய இறப்பர் மாஸ்க் எல்லாம் இந்தச் சாதி. கொண்டுவரும் கருவியோ நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத் தொடுவதே இல்லை. வேறொரு நல்ல இடத்துக் காற்றைக் குழாய் வழியாகவோ முதுகில் சுமக்கும் சிலிண்டர் வழியாகவோ முகத்துக்குக் கொண்டுவருகிறது.

இந்த வேறுபாடு ஏன் உயிர் போகும் வேறுபாடு ஆகிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன். ஓரிடத்தில் அது 10 வீதத்துக்கும் கீழே போய்விட்டால் விரைவில் நினைவு தப்பிவிடும். அந்த இடத்தில் உலகிலேயே விலை கூடிய வடியைப் போட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் இல்லாத ஒட்சிசனை வடியால் உண்டாக்க முடியாது. கேத்தலில் தண்ணீர் இல்லாவிட்டால் வடியைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு விடயமும் உண்டு. வெள்ளை மாஸ்க் துகள்களை மட்டும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவியைப் பிடிக்கக் கரி வடி வேண்டும். கரி ஒரு அளவுக்குத்தான் உறிஞ்சும், நிறைந்த பிறகு நஞ்சை அப்படியே விட்டுவிடும். மணமுள்ள பொருளென்றால் அந்த நேரம் மூக்கு காட்டிக்கொடுக்கும். மணம் தெரியாத பொருளென்றால் ஒன்றும் காட்டிக்கொடுக்காது.

எச்.எஸ்.ஈ ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு காப்பு எண் கொடுத்திருக்கிறது. எண் 10 என்றால் வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்று எதிர்பார்க்கலாம், அதுவும் ஒழுங்காகப் பொருத்தி அணிந்தால். எஃப்.எஃப்.பி 2 வெள்ளை மாஸ்குக்கு 10, எஃப்.எஃப்.பி 3க்கு 20. கராஜில் போடும் குழாய்க் காற்று முகமூடிகள் வகையைப் பொறுத்து 20 அல்லது 40. தீயணைப்பு வீரர் முதுகில் சுமக்கும் சிலிண்டர்க் கருவிக்கு 2000. எஃப்.எஃப்.பி 3க்கும் 20, குழாய்க்கும் 20 என்றால் வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். வெள்ளை மாஸ்க்கின் எண் தூசிக்கு உரியது. அந்த 20 ஆவிக்குச் செல்லாது.

குழாயில் காற்றனுப்பும் முறை வளர்ந்த ஊர்களில் எங்கள் இலண்டனுக்கு முதன்மையான இடம் உண்டு. 1823இல் சார்ள்ஸ் டீன் என்ற ஆங்கிலேயர், புகை நிறைந்த இடங்களுக்குள் போவதற்கான தலைக்கவசம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். செம்பாலான கவசம், பின்னால் ஒரு குழாய், மறுமுனையில் கொல்லன் துருத்தி போன்ற ஒன்று. வெளியே நிற்பவர் துருத்தியை ஊத, உள்ளே நிற்பவர் சுவாசிப்பார். தீயணைப்புக்கு அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே டீன் சகோதரர்கள் அதையே நீருக்குள் இறங்கும் கவசமாக மாற்றினார்கள். கடலடியில் கிடந்த மேரி றோஸ் என்ற பழைய போர்க்கப்பலில் 1836இல் அவர்களில் ஒருவர் இறங்கி வேலை செய்தார். அவர்களுக்குக் கவசம் செய்துகொடுத்தவர் அகஸ்டஸ் சீபே, ஜெர்மனியில் பிறந்து இலண்டனுக்கு வந்து குடியேறியவர். அவருடைய பட்டறை சோஹோவில் டென்மார்க் வீதியில் இருந்தது. இப்போது கிற்றார்க் கடைகளுக்குப் பேர்போன அதே வீதிதான். எங்களைப் போல வந்தேறி ஒருவரின் கைவேலை அது என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஒரு சந்தோசம்.

டீனின் கவசம் கழுத்துக்குக் கீழே மூடப்படவில்லை. மேலிருந்து வரும் காற்று தேவைக்கு அதிகமாக வந்து கீழ் விளிம்பால் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியே ஓடும் காற்று உள்ளே வர நினைப்பதைத் தள்ளிவிடும். இன்று கராஜில் பெயின்ற் அடிப்பவர் போடும் குழாய்க் காற்று முகமூடியும் இதே விதியில்தான் வேலை செய்கிறது. முகத்தோடு இறுகப் பொருந்தாத வகையென்றால் தாடி ஒரு தடையில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் தம்பிமார் இதைக் கவனிக்கவும். இறுக்கமான இறப்பர் மாஸ்க்கை மூன்று நாள் தாடியோடு போட்டால் ஓரத்தால் கசியும். அந்த வகைக்குச் சுத்தமாகச் சவரம் செய்திருக்கவேண்டும், ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தும் இருக்கவேண்டும்.

இனி அந்த அம்மாவின் பேரனிடம் வருவோம்.

காருக்கு அடிக்கும் பெயின்ற், அதன் மேல் பளபளப்புக்கு அடிக்கும் லக்கர் ஆகியவற்றில் பெரும்பாலானவை இரண்டு பொருட்களைக் கலந்து அடிப்பவை. ஒன்று பெயின்ற் அல்லது லக்கர், மற்றது ஹார்ட்னர். ஹார்ட்னருக்குள் இருப்பது ஐசோசயனேற் என்ற இரசாயனம். "இப்ப எல்லாம் தண்ணிப் பெயின்ற்தான் அண்ணை, பயமில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடியில் போகும் நிறம் தண்ணீரில் கலந்ததாக இருக்கலாம். மேலே அடிக்கும் லக்கரின் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பிரித்தானியாவில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று இந்த ஐசோசயனேற். மற்ற நஞ்சுகளிலிருந்து இது வேறுபடுவது எப்படியென்றால், சிலருடைய உடல் இதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஒன்றும் செய்யாமல் இருக்கும். பதிந்துவிட்ட பிறகு மிகமிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இழுக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு அந்த வேலையைத் தொடருவது அநேகமாக முடியாது. பதினைந்து வருடம் கற்ற தொழிலை நாற்பது வயதில் விடவேண்டி வரும்.

மூச்சிழுப்பு வேலை நேரத்தில்தான் வரும் என்றும் இல்லை. பல மணி நேரம் கழித்து இரவில் படுத்த பிறகு இருமலாக வரலாம். அதனால் குளிர், வீட்டுக் கம்பளத் தூசி, பூக்களின் மகரந்தம் என்று எதன்மீதாவது பழி போகும். கோடை விடுமுறையில் ஊருக்கு மூன்று கிழமை போய் வந்தால் இருமல் நின்றுவிடும். "ஊர்க் காற்றுத்தான் மருந்து" என்று நாங்கள் சந்தோசப்படுவோம். உண்மையில் அது வைத்தியருக்குச் சொல்லவேண்டிய முக்கியமான தடயம். வேலைக்குப் போகாத நாட்களில் சுகமாக இருக்கிறதா என்பதுதான் வேலையால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க வைத்தியர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. எங்கள் ஆட்கள் ஜீ.பீ.யிடம் போனால் இருமல் என்று மட்டும் சொல்வார்கள், என்ன வேலை என்று சொல்லமாட்டார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் சிறு கருவி ஒன்றைத் தந்து, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து சில கிழமைகளுக்குக் குறித்து வரச் சொல்வார்கள். அந்தக் குறிப்பு பிறகு மிகவும் பெறுமதியானது.

ஐசோசயனேற் ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. ஸ்பிறே அடிக்கும்போது எழும் புகாரின் மெல்லிய பகுதி சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. இதனால்தான் இந்த வேலைக்கு வடி மாஸ்க்கை நம்பாமல் குழாய்க் காற்று முகமூடி போடவேண்டும் என்று எச்.எஸ்.ஈ சொல்கிறது.

முகமூடி இருந்தாலும் ஆபத்து வரும் ஒரு தருணம் உண்டு. லக்கர் அடித்து முடித்தவுடன் பெயின்ரர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, பளபளப்பு சரியாக வந்திருக்கிறதா, எங்காவது வழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தொழிலில் கெட்டிக்காரர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் அதிகம். அந்த நேரம் அவரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத புகார் நிரம்பியிருக்கும். ஸ்பிறே செய்யும் அறைக்குள் காற்று முழுதாக மாறுவதற்கு ஒரு நேரம் உண்டு. நல்ல பூத்தில் அது சில நிமிடம், சாதாரண ஸ்பிறே அறையில் இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். புகை விட்டுப் பார்த்து அந்த நேரத்தை அளந்து வாசலில் எழுதி ஒட்டவேண்டும். அதுவரை கண்ணாடி கீழே, காற்று ஓடிக்கொண்டு, விசிறி நிறுத்தாமல். வெளியே போகவேண்டுமென்றாலும் முகமூடியோடுதான் வெளியேறவேண்டும்.

குழாயின் மறுமுனையையும் பார்க்கவேண்டும். கராஜில் காற்று வருவது கொம்பிரசரிலிருந்து. அந்தக் கொம்பிரசர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது? வாகனத்தை ஸ்ராட் செய்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலென்றால் எக்சோஸ்ற் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு குழாய் வழியாக நேரே மூக்குக்கு வந்து சேரும். இடையில் இருக்கும் கரி வடி எண்ணெய் மணத்தைப் பிடிக்கும், காபனோரொட்சைட்டைப் பிடிக்காது. கொம்பிரசர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அதன் எண்ணெயிலிருந்தும் இந்த வாயு வரலாம். ஆகவே காற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சோதிக்கவேண்டும், முகமூடியை மாதம் ஒரு தடவையாவது பரிசோதித்து எழுதி வைக்கவேண்டும், பூத்தைப் பதினான்கு மாதத்துக்குள் ஒரு தடவை தகுதியுள்ளவரைக் கொண்டு முழுமையாகப் பரிசோதிப்பிக்கவேண்டும். காற்று குறைந்தால் காட்டும் அடையாளம் முகமூடியிலேயே இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் செய்தும் நஞ்சு உடலுக்குள் போகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வேலை முடிந்தவுடன் சிறுநீரை ஒரு சிறு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் ஐசோசயனேற் உடலுக்குள் போன அடையாளம் தெரியும். இது போதைப்பொருள் சோதனை அல்ல. சிலர் அப்படி நினைத்துப் பயப்படுகிறார்கள்.

எனது தொழில் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு கராஜின் பற்றுச்சீட்டுக் கட்டைப் பிரித்தால் மாதாமாதம் ஹார்ட்னர் வாங்கியது தெரியும். அதே கட்டில் முகமூடி வடி மாற்றியது, காற்றுச் சோதித்தது, பூத் பரிசோதித்தது என்று ஒரு சீட்டும் இல்லையென்றால் அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு நான் கராஜுக்குப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. முதலாளிமார் செலவைச் சொல்கிறார்கள். நல்ல குழாய்க் காற்று முகமூடி ஒன்று சில நூறு பவுண்கள்தான், அதுவும் இலாபத்திலிருந்து கழிக்கக்கூடிய செலவு. கொம்பிரசர் போன்ற பெரிய கருவிகளுக்கும் வருடாந்த முதலீட்டுச் சலுகையின் கீழ் வாங்கிய ஆண்டிலேயே முழுத் தொகையையும் கழிக்கலாம்.

தொழிலாளியிடம் அதற்குக் காசு வாங்க முடியாது. 1974ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. "சம்பளத்தில் கிழமைக்குப் பத்துப் பவுண் பிடிக்கிறேன்" என்பது சட்டத்துக்கு மாறானது. சட்டப்படி நிரந்தர ஊழியர் அல்லாத 'வேர்க்கர்' என்ற பிரிவினருக்கும் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து வந்தது. வருமானவரிக் கணக்குகளை ஐந்தாறு வருடம் வைத்திருக்கிறோம். ஐசோசயனேற் வேலை செய்பவரின் சுகாதாரப் பதிவேட்டை 40 வருடம் வைத்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். சுவாசநோய் எத்தனை காலம் கழித்துக் கேள்வியாக வரலாம் என்பதற்கு அந்த 40 ஒரு அளவுகோல்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இன்னொரு இடம். எம்மவர் பலரைச் சுயதொழிலாளி என்று பதிந்து வேலை வாங்குகிறார்கள். கைக்கு வரும் தொகை கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் தம்பிமாரும் சம்மதிக்கிறார்கள். ஆனால் வேலையால் வந்த ஆஸ்துமாவுக்கு அரசு தரும் தொழில்சார் ஊனக் கொடுப்பனவு ஊழியராக வேலை செய்தவருக்கு உரியது, சுயதொழிலாளிக்கு இல்லை. ஐசோசயனேற் அந்தக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. பட்டியலில் நோய் இருந்தும் ஆள் தகுதியில்லாமல் போவதுதான் கொடுமை. சுயதொழிலாளியாகக் கையொப்பம் வைக்க முன்பு ஒரு கணக்காளரிடமோ பிரஜைகள் ஆலோசனை நிலையத்திலோ கேளுங்கள்.

கராஜில் கெட்ட காற்று மெல்ல மெல்லக் கெடுக்கிறது. உடனே கொல்லும் இடங்களும் உண்டு. நிலத்துக்கடிக் குழி, தாங்கி, மலக்குழி, கிணறு போன்றவை. 1983இல் டார்பிசயரில் கார்சிங்ரன் நீர்த்தேக்கக் கட்டுமானத்தில் ஒரு குழிக்குள் 4 பேர் இறந்தார்கள். சுண்ணாம்புக்கல்லில் அமில நீர் பட்டு உண்டான காபனீரொட்சைட்டு அங்கே நிறைந்திருந்தது. யாரும் நஞ்சைக் கொண்டுபோய் ஊற்றவில்லை, கல்லும் தண்ணீரும் செய்த வேலை. இத்தகைய இடங்களில் இறப்பவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 1986இல் எழுதியது.

தமிழ்நாட்டில் மலக்குழிக்குள் இறங்கியவர்கள் இறக்கும் செய்தியை நாங்கள் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கிறோம். 2013இல் இந்தியா இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் விதிகளில் பாதுகாப்புச் சாதனப் பட்டியல் ஒன்று இருக்கிறது, குழாய்க் காற்றுச் சுவாசக் கருவி அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 1993க்குப் பின் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 ஒக்ரோபரில் அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறியிருக்கிறது. இறங்குபவர் இடுப்பில் இன்றும் பல இடங்களில் கயிறு மட்டும்தான். மனிதரை இறக்கவே கூடாது, இயந்திரம் செய்யட்டும் என்பதுதான் எனது கருத்தும்.

எங்கள் ஊர்க் கதை கிணறு. போருக்குப் பின் காணி திரும்பக் கிடைத்து, வருடக்கணக்காகக் கலக்காமல் கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க இங்கிருந்து காசு அனுப்புபவர்கள் பலர். ஆடி, ஆவணி விடுமுறையில் நேரே போய் நின்று செய்விப்பவர்களும் உண்டு. மேலே வைத்த இறைப்பு மெசினால் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஆழமான கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மெசினையும் கிணற்றுக்குள் இறக்கி, ஒரு படியிலோ பலகையிலோ வைத்து ஓட்டுவார்கள். மெசின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு போக வழியின்றிக் கிணற்றுக்குள்ளேயே நிறையும்.

பழைய ஆட்கள் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். ஒட்சிசன் குறைவை அது ஓரளவு காட்டும், அவர்கள் அறிவில்லாமல் செய்யவில்லை. ஆனால் காபனோரொட்சைட்டு ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து, அந்த அளவுக்கு லாம்புச் சுடர் அசையாது. எரியக்கூடிய வாயு இருந்தால் லாம்பே வெடிக்கு வழிசெய்யும். வாயில் ஈரத் துவாய் கட்டினாலும் வெள்ளை மாஸ்க் போட்டாலும் இந்த வாயு அதைத் தாண்டிப் போய்விடும்.

எனவே கிணறு இறைக்கக் காசு அனுப்பும்போது சொல்லி அனுப்புங்கள். எண்ணெய் மெசின் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது, நீருக்குள் வைக்கும் மின்சார மோட்டரை வாடகைக்கு எடுக்கவேண்டும். ஆள் இறங்கத்தான் வேண்டுமென்றால் வாயு அளக்கும் கருவியும் குழாய்க் காற்றும் உள்ள ஆட்களைப் பிடிக்கவேண்டும். இறங்குபவர் உடலில் பட்டி கட்டி, மேலே நிற்பவர்கள் கீழே இறங்காமலே அவரைத் தூக்கி எடுக்கக்கூடியதாகக் கப்பி இருக்கவேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர்களைப் பிடித்து நிறுத்துங்கள், அண்ணன் தம்பியாக இருந்தாலும். இலங்கையில் இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.